ஆங்கில மரபுத்தொடர்கள்: பட்டியலா, நினைவட்டைச் செயலியா, பிறப்பிடத் தொகுப்பா?

ஆங்கில மரபுத்தொடர்களைக் கற்க விரும்புவோர்முன் பொதுவாக மூன்று வழிகள் உள்ளன: பொருளுடன் அகரவரிசையில் அமைந்த பட்டியலை மனப்பாடம் செய்வது, ஒருபுறம் தொடரும் மறுபுறம் பொருளும் காட்டும் ஆங்கி (Anki) போன்ற நினைவட்டைச் செயலியில் அன்றாடம் பயில்வது, தொடர்களை அவை பிறந்த துறைவாரியாகத் தொகுத்துப் படிப்பது. மூன்றையும் கையாண்டு பார்த்தபின் நான் மூன்றாவதையே வைத்துக்கொண்டேன்.

பட்டியலின் பயன் தெளிவானது. எஸ்.எஸ்.சி. போன்ற போட்டித் தேர்வுகளில் ஒரு தொடரைக் கொடுத்து, நான்கு விடைகளில் அதன் பொருளைத் தெரிவு செய்யச் சொல்வார்கள். அங்கே அடையாளம் கண்டால் போதும், பேச்சில் பயன்படுத்தத் தேவையில்லை. தேர்வு நெருங்கிவிட்டவர் பட்டியலையே படிக்கலாம்.

செயலியும் பட்டியலும் எனக்குப் பின்தங்கியது நினைவைப் பராமரிக்கும் உழைப்பில்தான். படித்தவை எவ்வளவு விரைவாக மறக்கின்றன என்பதை ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இலேயே தம்மையே சோதித்து அளந்து காட்டினார். மறக்கும் தறுவாயில் அட்டையை மீண்டும் காட்டும் செயலிகள் அந்த அறிவின்மீதே எழுந்தவை. அவை வேலை செய்கின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் சில நாள்கள் விட்டுவிட்டால் நிலுவை அட்டைகள் குவிந்துவிடும். அலுவலகமும் குடும்பமும் உள்ள ஒருவர் ஆண்டுக்கணக்கில் அந்த ஒழுங்கைக் காப்பது கடினம். பட்டியலுக்கோ அந்த ஏற்பாடுகூட இல்லை. 'ஏ' வரிசையில் அடுத்தடுத்து நிற்பவற்றுக்கு முதலெழுத்தைத் தவிர வேறு உறவில்லை.

பிறப்பிடத் தொகுப்பில் ஒரு தொடரை அடுத்த தொடர் தாங்கிப் பிடிக்கிறது. கிரிக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். ஆடுகளத்தை மூடிவைக்கும் வழக்கம் பரவாத காலத்தில், மழையில் நனைந்து வெயிலில் காயத் தொடங்கிய களத்தில் பந்து எப்படித் திரும்பும், எவ்வளவு எழும்பும் என்று மட்டையாளரால் கணிக்க இயலாது; இக்கட்டான நிலையைக் குறிக்கும் 'ஸ்டிக்கி விக்கெட்' அங்கிருந்து வந்தது. தற்காப்புக்குத் தள்ளப்பட்டவர் 'ஆன் தி பேக் ஃபுட்' நிற்கிறார். பிறர் சொல்லாமல் தாமாகவே ஒன்றைச் செய்பவர் 'ஆஃப் ஹிஸ் ஓன் பேட்' செய்கிறார். நெடுங்காலம் நன்றாக வாழ்ந்தவரைப் பற்றி 'எ குட் இன்னிங்ஸ்' என்பார்கள். தெருவில் மட்டை பிடித்து வளர்ந்த நம்மவர்க்கு இவற்றைப் படமாகக் காண விளக்கமே வேண்டாம்; படம் நின்றால் பொருள் தானே வருகிறது. பாய்மரக் கப்பலின் எண்ணற்ற கயிறுகளைப் புது மாலுமி பழகியதை எண்ணிப் பார்த்தால், ஒரு வேலையின் நெளிவுசுளிவுகளைக் கற்பதற்கு 'லேர்ன் தி ரோப்ஸ்' என்பது ஏன் என்றும் விளங்கிவிடும். தொடர்கள் பிறந்த சூழலில் கொண்ட மூல அர்த்தத்தை அறிந்தவர் மனத்தில் அவை நன்றாகப் பதிகின்றன என்பதை ஃபிராங்க் போர்ஸ் முதலிய மொழியியலாளரின் ஆய்வுகளும் காட்டியுள்ளன.

இன்னொரு நன்மை, யாரிடம் எதைச் சொல்லலாம் என்பதும் கூடவே புலப்படுவது. கிரிக்கெட் தொடர்கள் பிரிட்டன், ஆஸ்திரேலியா, இந்தியா ஆகிய நாடுகளில் எளிதில் செல்லும். அமெரிக்கருக்கு அவற்றுட் பல அந்நியமானவை. அவர்களுடைய அலுவலகப் பேச்சில் பேஸ்பால் தொடர்களே மிகுதி. சென்னையிலிருந்து அமெரிக்க வாடிக்கையாளருடன் பணிபுரிபவர், தோராய மதிப்பைக் குறிக்கும் 'பால்பார்க் ஃபிகர்', சுருக்கமாகத் தொடர்புகொள்வதைக் குறிக்கும் 'டச் பேஸ்' ஆகியவற்றை முதலில் படிப்பது நல்லது.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. இறப்பைக் குறிக்கும் 'கிக் தி பக்கெட்' போன்றவற்றின் பிறப்பு இன்றும் சர்ச்சைக்குரியது. இணையத்தில் உலவும் சுவையான கதைகள் பலவற்றுக்கு ஆதாரமில்லை. அத்தகையவற்றுக்கு நான் செயலியையே நாடுகிறேன். இலக்கணக் கட்டுப்பாட்டையும் பிறப்பிடம் சொல்லித் தராது: இரகசியத்தை வெளியிடுவதைக் குறிக்கும் 'ஸ்பில் தி பீன்ஸ்' தொடரைச் செயப்பாட்டு வினையில் எழுதலாம், 'கிக் தி பக்கெட்' தொடரை அப்படி மாற்றினால் வாளியை உதைத்த பொருளே எஞ்சும். இதற்கு எடுத்துக்காட்டு வாக்கியங்கள் தரும் அகராதி அருகில் இருந்தாக வேண்டும். பள்ளிச் சிறார்க்கு இம்முறை எந்த அளவு பொருந்தும் என்று சொல்லுமளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை. நான் பார்த்தவரை, ஓரளவு ஆங்கிலம் படிக்கத் தெரிந்த பெரியவர்க்கே இது கைகொடுத்திருக்கிறது.