ரீமேனுஃபேக்சர்டு இன்ஜின்னு காசு வாங்கிட்டு பெயிண்ட் அடிச்ச பழைய இன்ஜினை மாட்டி விட்டாங்க, கவனமா இருங்க

காருக்கு இன்ஜின் மாத்தலாமான்னு யோசிச்சுட்டு இருக்கிறவங்க அட்வான்ஸ் குடுக்கிறதுக்கு முன்னாடி இதை முழுசா படிச்சிடுங்க. நீளமாத்தான் இருக்கும், ஏன்னா எனக்கு நடந்ததை மட்டும் சொல்லிட்டுப் போனா யாருக்கும் பிரயோஜனம் இல்ல, எந்த இடத்துல ஓட்டை இருக்கு, எதை வச்சு ஏமாத்துறாங்கன்னு தெரிஞ்சாத்தான் அடுத்தவங்க தப்பிக்க முடியும். கடை பேரை இங்க போடல, புகார் குடுத்து அது நடந்துட்டு இருக்கு.

என்னோடது பெட்ரோல் வண்டி, நாலு சிலிண்டர். ஆயில் பம்ப் போயி, ஆயில் சரியா ஏறாம பிக் எண்ட் பேரிங் (பிஸ்டனோட கனெக்டிங் ராடு, சுத்துற கிராங்க் தண்டோட சேர்ற இடத்து பேரிங்) தேஞ்சு, கீழ இருந்து டக்டக்னு சத்தம். இன்ஜின் விக்கிற ஒரு இடத்துல கேட்டப்போ அங்க இருந்தவர் ரொம்ப அக்கறையா பேசினாரு, "இதைப் பிரிச்சு வேலை பார்க்கிறதெல்லாம் வேஸ்ட் சார், எங்க பிரிச்சாலும் திரும்ப ஏதாவது ஒண்ணு வந்துட்டே இருக்கும், எங்ககிட்ட ரீமேனுஃபேக்சர்டு இன்ஜின் இருக்கு, பழசைக் குடுத்துட்டு இதை எடுத்துக்குங்க"ன்னாரு. ரீகண்டிஷன் இன்ஜினும் இருக்கு, அது விலை கம்மி, ஆனா உங்களுக்கு இதுதான் நல்லதுன்னு அவரே சொல்லி ஜாஸ்தி விலையில இருக்கிறதைத்தான் தலையில கட்டினாரு.

ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு இங்க கொஞ்சம் விளக்கமா சொல்லிடறேன். ரீமேனுஃபேக்சர்டுன்னா பழைய இன்ஜினைக் கடைசி போல்ட் வரைக்கும் கழட்டணும். பிளாக், ஹெட், கிராங்க், கனெக்டிங் ராடு எல்லாத்தையும் கழுவி, கிராக் இருக்கான்னு செக் பண்ணி, மைக்ரோமீட்டரும், போர் (சிலிண்டரோட உள் துவாரம்) அளக்கிற கேஜும் வச்சு ஒவ்வொண்ணா அளந்து, கம்பெனி சொன்ன அளவுக்குக் கொண்டு வரணும். அதாவது போரிங் (போரைக் கொஞ்சம் பெருசாக் கடையறது), ஹோனிங் (போர்ச் சுவரைக் கோடு விழற மாதிரி தேய்க்கிறது), கிராங்க் கிரைண்டிங் (கிராங்க்ல பேரிங் உக்கார்ற இடத்தை மெஷின்ல அரைக்கிறது), ஹெட் ஃபேசிங் (ஹெட்டோட அடிப்பரப்பை மட்டமாக்கிறது), வால்வு சீட்டு வேலை, என்னென்ன தேவையோ அத்தனையும். பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கட், ஆயில் சீல், டைமிங் செயின், ஆயில் பம்ப் மாதிரி தேயுற சாமான் எல்லாம் பார்க்க நல்லா இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி, புதுசுதான் போடணும். அப்புறம் டெஸ்ட் பெஞ்ச்ல ஏத்தி ஆயில் பிரஷர், கம்ப்ரஷன், லீக்கு எல்லாம் பார்த்துட்டுத்தான் வெளிய அனுப்பணும். பிரிட்டிஷ் ஸ்டாண்டர்டு பிஎஸ் 8887 பாகம் 2, 2009-ல வந்தது, அதுல ரீமேனுஃபேக்சர்னா பழைய பொருளை குறைஞ்சது அதோட ஒரிஜினல் பெர்ஃபாமன்ஸுக்குக் கொண்டு வந்து, புதுசுக்குக் குடுக்கிற வாரண்டிக்குச் சமமாவோ அதுக்கு மேலயோ வாரண்டி குடுக்கணும்னு தெளிவா இருக்கு.

அதே ஸ்டாண்டர்டுல ரீகண்டிஷன்னா, பழுதாகப் போற நிலையில இருக்கிற முக்கியமான பாகங்களைச் சரி பண்ணி, திருப்தியா ஓடுற நிலைக்குக் கொண்டு வர்றது. அவ்வளவுதான். நல்லா இருக்கிற பிஸ்டன் அப்படியே இருக்கும், கிராங்க் அளவு லிமிட்டுக்குள்ள இருந்தா கிரைண்ட் பண்ண மாட்டாங்க. இது தப்பே இல்ல. நேர்மையான ஆள் பண்ணின ரீகண்டிஷன் இன்ஜின் வருஷக்கணக்கா ஓடும், விலையும் கையைக் கடிக்காது. பிரச்சினை என்னன்னா இதுக்கு அடிமட்டமே கிடையாது. ஸ்கிராப் வண்டியில இருந்து கழட்டின இன்ஜினை பிரஷர் வாட்டர்ல கழுவி, ஹெட் கேஸ்கட் மாத்தி, சில்வர் பெயிண்ட் அடிச்சாலும் அதுவும் ரீகண்டிஷன்தான்னு ஒருத்தன் சொல்லலாம். என்கிட்ட அந்தச் சரக்கைத்தான் ரீமேனுஃபேக்சர்டுன்னு பேர் மாத்தி வித்திருக்காங்க.

வண்டியை எடுத்த அன்னைக்கு எல்லாம் சூப்பரா இருந்துச்சு, சத்தமே இல்ல. கொஞ்ச நாள்லயே காலையில ஸ்டார்ட் பண்ணினா நீலப் புகை. கேட்டா "ரிங் செட்டாகணும், ரன்னிங் பீரியட் முடியட்டும்"னு பதில். புதுசா ஹோனிங் பண்ணின போர்ல ரிங் செட்டாக கொஞ்சம் ஓட்டம் வேணும், அது உண்மைதான், அதனாலதான் இந்தப் பதிலை வச்சே எல்லாரையும் ஓட்டிடறாங்க. ஆனா புகை குறையணும், எனக்குக் கூடிட்டே போச்சு. அப்புறம் முதல் ஆயில் சேஞ்ச் வந்துச்சு. கார் கம்பெனி புக்குல போட்டிருக்கிற 5டபிள்யூ-30 ஆயிலை ஊத்தி ஓட்டினா, இன்ஜின் நல்லா சூடாகி சிக்னல்ல நிக்கிறப்போ ஆயில் லைட் விட்டு விட்டு எரியுது. இவங்க முன்னாடி ஊத்தி அனுப்பினது கெட்டியான 20டபிள்யூ-50. தேஞ்ச இன்ஜின்ல ஆயில் பிரஷர் விழறதை மறைக்கிறதுக்கு ரொம்ப காலமா பண்ற வேலை இது. இதைக் கேட்டதுக்கு "நீங்க லைட் ஆயில் ஊத்திட்டீங்க, வாரண்டி கேன்சல்"னு சொல்லிட்டாங்க. கம்பெனி சொன்ன ஆயிலை ஊத்தினதுக்கு வாரண்டி கேன்சலாம், எனக்கு இன்னும் ஆறல.

வேற ஒரு மெக்கானிக் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் குடுக்குதுன்னு பார்க்கிற டெஸ்ட் பண்ணினாரு. சிலிண்டருக்கு சிலிண்டர் பத்து பதினஞ்சு சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாது, என்னோடதுல மூணாவது சிலிண்டர் மத்ததை விட ரொம்ப கீழ. அந்த பிளக் ஓட்டை வழியா கொஞ்சம் ஆயில் விட்டு திரும்ப டெஸ்ட் பண்ணினா ரீடிங் ஏறுது, அதுனால வால்வு இல்ல, ரிங்கும் போரும்தான்னு அப்பவே சொல்லிட்டாரு. பிரிச்சுப் பார்த்தா உள்ள பேரிங்கைத் தவிர எதுவுமே மாத்தல. பிஸ்டன் பழசு, ஸ்டாண்டர்டு சைஸ், பக்கம் எல்லாம் கீறல். போர் மேல விளிம்புல விரல் வச்சா தட்டுற அளவுக்கு மேடு, ஹோனிங் பண்ணினா குறுக்கும் மறுக்குமா கோடு தெரியணும், இங்க கண்ணாடி மாதிரி வழுவழுன்னு இருக்கு. இதை விட மோசம் கிராங்க். அதை கிரைண்ட் பண்ணாம எமரி பேப்பர் வச்சு கையால தேய்ச்சுப் பளபளப்பாக்கி, மேல புது ஸ்டாண்டர்டு பேரிங்கைப் போட்டு மூடியிருக்காங்க. கிராங்க் சிறுத்துப் போச்சு, பேரிங் பழைய அளவு, நடுவுல இடைவெளி ஜாஸ்தி, அந்த இடைவெளியில ஆயில் வழிஞ்சா பிரஷர் எப்படி நிக்கும். முறையா கிரைண்ட் பண்ணியிருந்தா பேரிங்குக்குப் பின்னாடி கிராங்க் எவ்வளவு சிறுத்திருக்குன்னு காட்டுற 0.25, 0.50 மில்லிமீட்டர்னு அண்டர்சைஸ் நம்பர் அடிச்சிருக்கும், போர் போட்டிருந்தா பிஸ்டன் தலையில ஓவர்சைஸ் நம்பர் இருக்கும். எதுவும் இல்ல. புதுசுன்னு பார்த்தா அந்த பேரிங்கும், கேஸ்கட்டும், பிதுங்கிட்டு நிக்கிற சீலன்ட்டும், அந்த பெயிண்ட்டும்தான். ஹோஸ் கிளிப்பு மேல, பிசுக்கு மேல எல்லாம் சேர்த்தே அடிச்சிருக்காங்க, அது ஒண்ணே அவங்க முழுசா கழட்டிக் கழுவலைன்றதுக்கு சாட்சி.

பில்லைத் தூக்கிட்டுப் போனா வாய்ல சொன்னது ஒண்ணு, பில்லுல இருக்கிறது வேற. "ரீகண்டிஷன் இன்ஜின், டெஸ்டட் ஓகே"ன்னு மட்டும் எழுதியிருக்கு. வாரண்டி அட்டையில பொடி எழுத்துல பார்ட்ஸுக்கு மட்டும்தான், கழட்டி மாட்டுற கூலி கிடையாதுன்னு போட்டிருக்கு. இன்ஜின் வேலையில கூலிதான் பாதி செலவுன்னு இறக்கி ஏத்தினவங்களுக்குத் தெரியும்.

அதனால ரீமேனுஃபேக்சர்டுன்னு யார் சொன்னாலும் முதல்ல அளவு ஷீட்டைக் கேளுங்க. போர் எவ்வளவு, எந்த ஓவர்சைஸ் பிஸ்டன், கிராங்க் மெயின் எவ்வளவு, பிக் எண்ட் எவ்வளவு, எல்லாம் அந்த இன்ஜின் நம்பரோட எழுத்துல இருக்கணும். உண்மையிலேயே வேலை பண்ணின இடத்துல இந்த ஷீட்டு இருக்கும், ஏன்னா அளக்காம அந்த வேலையே பண்ண முடியாது. "எங்க பேரைக் கேட்டுப் பாருங்க சார்"னு பதில் வந்தா எழுந்து வந்துடுங்க. வண்டியில மாட்டுறதுக்கு முன்னாடி உங்க மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போய் பிளக் ஓட்டை வழியா கேமரா விட்டு போரைப் பார்க்கச் சொல்லுங்க, சம்ப்பை (அடியில இருக்கிற ஆயில் தொட்டி) கழட்டி ஒரே ஒரு பேரிங் மூடியைத் திறந்து பார்க்க விடுவீங்களான்னு கேளுங்க. சீலை உடைச்சா வாரண்டி போயிடும்னு சொல்ற நல்ல கடையும் இருக்கு, அந்தக் கடைக்காரர் அளவு ஷீட்டும் டெஸ்ட் ரிப்போர்ட்டும் கையில குடுத்துட்டுத்தான் அதைச் சொல்லுவாரு.

இன்னொண்ணு, பேரிங் தேஞ்சு போன இன்ஜினைக் கழட்டினா அந்த உலோகத் துகள் ஆயில் கூலர்லயும் பைப்லயும் தங்கியிருக்கும், அதை மாத்தாம புது இன்ஜின் மாட்டினா புதுசும் போயிடும். ஒழுங்கான ஆளு இதை மாத்தினாத்தான் வாரண்டின்னு கண்டிஷனே போடுவாரு. என்கிட்ட அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல.

முக்கியமா பழைய இன்ஜினை உடனே தூக்கிக் குடுத்துடாதீங்க. மாத்தி எடுத்துக்கிற முறையில அதுக்குன்னு ஒரு டெபாசிட் இருக்கும், அதைக் கட்டிட்டு, புது இன்ஜினை செக் பண்ணி ஓட்டிப் பார்த்து திருப்தியான அப்புறம் பழசைக் குடுத்துட்டு டெபாசிட்டைத் திரும்ப வாங்கிக்கலாம். என்னோடதுல பிளாக்குக்கு ஒண்ணும் ஆகல, கிராங்க்கை கிரைண்ட் பண்ணி, அண்டர்சைஸ் பேரிங்கும் புது ஆயில் பம்ப்பும் போட்டிருந்தாலே ஓடியிருக்கும்னு இப்ப வேலை பார்க்கிற மெக்கானிக் சொல்றாரு. திருப்பிக் கேட்டேன், அதை அப்பவே வித்தாச்சுன்னுட்டாங்க.