போல்டரிங்கா, கயிறா? சேலத்தில் புதிதாகத் தொடங்குவோருக்கு

சுவர் ஏறும் விளையாட்டில் இரண்டு வகை: கயிறில்லாமல் குட்டைச் சுவரில் ஏறுவது போல்டரிங்; கயிறு கட்டி உயரச் சுவரில் ஏறுவது மற்றது. போல்டரிங்குக்கு ஷூவும், கை வழுக்காமலிருக்கப் பூசும் சாக் பொடியும் போதும். துணைக்கு ஆள் வேண்டாம். சுவர் நாலு, நாலரை மீட்டர்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் விழுவது மெத்தையில். கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். முழங்காலை மடக்கி இறங்கி, அப்படியே முதுகில் உருள வேண்டும்.

கயிற்றுச் சுவர் 10 மீட்டருக்கும் மேல். ஹார்னஸும் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டை), கீழே கயிறு பிடிக்கப் பழகிய ஆளும் கட்டாயம். பேச்சு சுவாரசியத்தில் ஹார்னஸில் கயிற்றைக் கட்டும் ‘8’ வடிவ முடிச்சை அரைகுறையாக விட்டு ஏறுவதுதான் பெரிய ஆபத்து. ஒருவர் முடிச்சை மற்றவர் தொட்டுப் பார்த்த பிறகே கால் எடுங்கள்.

சித்திரை வெயிலில் விரல் வியர்த்துப் பிடி வழுக்கும். இரண்டுக்குமே விடிகாலைதான் சரி.

எங்கள் ஓட்டு முதலில் கயிற்றுக்கே. பெரிய பிடிகளில் நிதானமாக ஏறும்போது கால் வைக்கும் முறை படியும். தசை சீக்கிரம் வலுப்பெறும், ஆனால் விரல் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) மெதுவாகத்தான்; அது வலுப்பெற நேரம் கொடுங்கள். ஏற்காட்டுப் பாறைக்கு அதன் பிறகு போகலாம்.