கருமுட்டைத் தரத்திற்கான கோஎன்சைம் கியூ10 மாத்திரைகள்: நான்கு மாதப் பயன்பாட்டிற்குப் பின் ஒரு மதிப்புரை

ஐவிஎஃப் என்னும் செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சையின் முதல் சுற்று கைகூடாமல் போன பின், அடுத்த சுற்றுக்கு முன்பாக நான்கு மாதங்கள் கோஎன்சைம் கியூ10 மாத்திரைகளை எடுத்துக்கொண்டேன். அப்போது எனக்கு வயது 38. முதல் சுற்றில் எடுத்த ஐந்து முட்டைகளில் ஒன்றுகூட ஐந்தாம் நாள் கருவாக வளரவில்லை. முட்டையின் தரம் போதவில்லை என்றார் மருத்துவர். அந்தத் தரம் என்பது எது, அதை ஒரு மாத்திரையால் மாற்ற முடியுமா என்று தெரிந்துகொள்ள வழியில்லாமல், பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்க வேண்டிய நிலையில்தான் என்னைப் போன்றவர்கள் இருக்கிறோம் என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

நான் வாங்கிய பெட்டியில், மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஆற்றல் என்றும் முட்டைக்கு இளமை என்றும் இரண்டு வாக்குறுதிகள் இருந்தன. முதலாவதற்கு அறிவியல் அடிப்படை உண்டு. மைட்டோகாண்ட்ரியா என்பது உயிரணுவுக்குள் ஆற்றலை உண்டாக்கும் நுண்ணுறுப்பு. முதிர்ந்த கருமுட்டை ஒன்றில் ஏறத்தாழ ஒரு லட்சமோ அதற்கு மேலோ மைட்டோகாண்ட்ரியாக்கள் இருக்கின்றன. உடலின் வேறெந்த உயிரணுவிலும் இத்தனை இல்லை. இந்தக் கையிருப்பு பெரிதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கருவுற்ற முட்டை இரண்டாக, நான்காக, எட்டாகப் பிரியும் முதல் சில நாட்களில் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ புதிதாகப் பெருகுவதில்லை. தாயின் முட்டை கொண்டுவந்ததையே எல்லா உயிரணுக்களும் பங்கிட்டுக்கொள்கின்றன. முட்டை எடுக்கப்படும் நாளில் அதனுள் என்ன இருக்கிறதோ, அதுதான் ஐந்தாம் நாள் வரைக்குமான கையிருப்பு. இதைப் படித்தபோதுதான் என் ஐந்து முட்டைகளும் மூன்றாம் நாளைத் தாண்டாமல் நின்றுபோனது எனக்கு ஓரளவு விளங்கியது.

அதற்கும் முன்பே ஆற்றல் தேவைப்படும் ஒரு வேலை இருக்கிறது. முட்டை முதிரும்போது குரோமோசோம்களில் சரிபாதியைப் பிரித்து வெளியேற்ற வேண்டும். அவற்றை இழுத்துப் பிரிக்கும் கதிர் இழைகளை அமைக்கவும் இயக்கவும் மைட்டோகாண்ட்ரியா உண்டாக்கும் ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறு தேவை. வயது ஏறும்போது இந்த உற்பத்தி குன்றுகிறது. குரோமோசோம் எண்ணிக்கை பிழைபட்ட முட்டைகளும் கூடுகின்றன. ஆனால் அந்தப் பிழைக்கு ஆற்றல் குறைவு மட்டுமே காரணமன்று. நாம் தாயின் வயிற்றில் இருந்த காலத்திலேயே நம் முட்டைகளின் குரோமோசோம்களைப் பிணைத்துவைத்த கோஹீசின் என்னும் புரதங்கள் ஆண்டுக்கணக்கில் தளர்ந்துபோவதும் ஒரு பெரிய காரணம். அதைத் திரும்ப இறுக்கிக் கட்டும் மாத்திரை எதுவும் இல்லை. எனவே பெட்டியின் இரண்டாவது வாக்குறுதியை நான் ஏற்கவில்லை.

கோஎன்சைம் கியூ10 நம் உடலே உண்டாக்கும் பொருள்தான். 1957-இல் பிரெடரிக் கிரேன் என்னும் அறிவியலாளர் மாட்டின் இதயத்து மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் எலக்ட்ரான்களை ஒரு புரதத் தொகுதியிலிருந்து அடுத்ததற்குச் சுமந்து செல்வது அதன் வேலை. அந்த ஓட்டம் தடைபட்டால் ஏடிபி உற்பத்தியும் தடைபடும். வயதான எலிகளுக்கு இதைக் கொடுத்தபோது முட்டைகளின் மைட்டோகாண்ட்ரியா செயல்பாடு மேம்பட்டதை 2015-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மனிதர்களில் 2018-இல் வெளியான ஆய்வு, முட்டை இருப்பு குறைந்த 186 பெண்களைச் சேர்த்து, ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் வீதம் 60 நாட்கள் கொடுத்தது. அவர்களுக்குக் கூடுதல் முட்டைகளும் நல்ல தரமுள்ள கருக்களும் கிடைத்தன. குழந்தைப்பேற்றில் மட்டும் உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு தென்படவில்லை. மேலும், அந்தப் பெண்கள் எல்லோரும் 35 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள். என் வயதினரைக் கவரும் சொற்களால் விளம்பரம் செய்துவிட்டு, இளையவர்களிடம் கிடைத்த முடிவை ஆதாரமாகக் காட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இனி மாத்திரையைப் பற்றி. நான் வாங்கியவை 100 மில்லிகிராம் மென்கூடு (சாஃப்ட்ஜெல்) மாத்திரைகள். நாளுக்கு ஒன்று போதும் என்கிறது பெட்டி. ஆய்வில் கொடுத்ததோ அதைப் போல ஆறு மடங்கு. அளவை என் மருத்துவரே முடிவு செய்தார். இது கொழுப்பில் கரையும் பொருளாதலால் உணவோடு சேர்த்து உட்கொண்டால்தான் நன்கு உறிஞ்சப்படும். இந்தக் குறிப்பு பெட்டியின் அடிப்பகுதியில், கண்ணில் படாத அளவு சிறிய எழுத்தில் இருந்தது. இரவில் எடுத்தபோது எனக்குத் தூக்கம் கெட்டது. பகலுக்கு மாற்றிக்கொண்டதும் சரியாயிற்று. முதல் வாரத்தில் வயிற்றில் இலேசான உபாதை இருந்தது. வார்ஃபரின் என்னும் இரத்த உறைவுத் தடுப்பு மருந்தின் வீரியத்தை இது குறைக்கக்கூடும் என்ற எச்சரிக்கை பெட்டியில் எங்குமே இல்லை. இதை நான் சிறு குறையாகக் கருதவில்லை. யுபிகுயினால் என்ற விலை கூடிய வடிவமும் கிடைக்கிறது. அது எளிதில் உறிஞ்சப்படும் என்கிறார்கள். ஆனால் இரத்தத்தில் அளவு கூடுவது வேறு, முட்டை மேம்படுவது வேறு.

முப்பது நாளில் பலன் என்ற வாசகத்தையும் நம்ப வேண்டாம். சினைப்பைக்குள் ஒரு முட்டைப்பை தன் இறுதி வளர்ச்சியை முடிக்க மூன்று மாதங்கள் வரை ஆகும் என்பதால், இன்று விழுங்கும் மாத்திரைக்கு அடுத்த மாதத்து முட்டையில் பெரிய பங்கு இருக்க முடியாது.

என் இரண்டாம் சுற்றில் ஆறு முட்டைகள் கிடைத்தன, நான்கு கருவுற்றன, இரண்டு ஐந்தாம் நாளை எட்டின. அன்று ஆய்வகத்திலிருந்து தொலைபேசி வந்தபோது அழுதுவிட்டேன். ஆனாலும் அந்தப் பெருமையை மாத்திரைக்குக் கொடுக்க என்னால் முடியவில்லை, ஏனெனில் அதே சுற்றில் ஊசி மருந்தின் வகையையும் அளவையும் மருத்துவர் மாற்றியிருந்தார்.

இதற்கிடையில் வேறொரு சிகிச்சை மையத்தில், என் சினைப்பைத் திசுவிலிருந்தே மைட்டோகாண்ட்ரியாவை எடுத்து முட்டைக்குள் செலுத்தும் சேவை ஒன்றைக் கூடுதல் கட்டணத்திற்குப் பரிந்துரைத்தார்கள். அதை மறுத்தேன். ஒரே பெண்ணின் முட்டைகளில் ஒரு பகுதிக்கு இம்முறையைச் செய்தும் மறுபகுதிக்குச் செய்யாமலும் ஒப்பிட்டு ஸ்பெயினில் நடந்த சோதனையின் முடிவு 2019-இல் வெளிவந்தது. கருவின் தரம் உயரவில்லை. பிரிட்டன் 2015-இல் சட்டபூர்வமாக்கிய மைட்டோகாண்ட்ரியா தானத்தை அந்த ஆலோசகர் சான்றாகக் காட்டினார். அது தாயின் மைட்டோகாண்ட்ரியா நோய் குழந்தைக்குச் செல்லாமல் தடுப்பதற்காக அனுமதிக்கப்பட்டது. வயதால் குன்றிய முட்டையை மீட்பதற்காக அன்று. நம்பிக்கை தளர்ந்து வந்திருப்பவரிடம் இந்த வேறுபாட்டை மறைத்துப் பேசுவது பெருந்தவறு.

மாத்திரையைப் பொறுத்தவரை, சிகிச்சைக்கு எப்படியும் இரண்டு மூன்று மாத இடைவெளி இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளலாம் என்பதே என் கருத்து. நாற்பதை நெருங்குபவர்கள் இதற்காகவே சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். காத்திருக்கும் அந்த மாதங்களில் இழப்பது, மாத்திரை தரக்கூடியதைவிடக் கூடுதலாக இருக்கலாம். நான் தொடங்கியபோது என் இரண்டாம் சுற்றுக்கான மாதம் ஏற்கெனவே குறிக்கப்பட்டிருந்தது.