பென் டிரைவை எதில் ஃபார்மேட் செய்வது? ஃபேட்32, எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ்: ஓர் அலசல்

தங்கை மகளுக்குப் போன வருடம் காது குத்தினோம். தாய்மாமன் என்பதால் குழந்தை என் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள். வீடியோ எடுத்தவர் முழு நிகழ்ச்சியையும் ஒரே ஃபைலாகக் கொடுத்தார், 5.6 ஜிபி. ஊரில் அம்மா பார்க்க வேண்டும் என்று புதிதாக ஒரு 32 ஜிபி பென் டிரைவ் வாங்கி அதில் காப்பி போட்டேன். ஃபைல் மிகப் பெரியது, ஏற்ற முடியாது என்று விண்டோஸ் மறுத்துவிட்டது. டிரைவில் 29 ஜிபிக்கு மேல் காலியாக இருந்தது. "டூப்ளிகேட்டா இருக்கும்ணா, கடையில மாத்திக் கேளு" என்றாள் தங்கை.

பென் டிரைவில் கோளாறு எதுவும் இல்லை. அது ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டு வந்திருந்தது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றியதும் ஃபைல் ஏறிவிட்டது. ஆனால் ஊருக்குப் போய் அம்மா வீட்டுப் பழைய டிவியில் செருகினால், டிரைவ் இருப்பதாகவே டிவி காட்டவில்லை. ஒரு முறையில் ஃபைல் ஏறவில்லை, இன்னொரு முறையில் டிவிக்குப் படிக்கத் தெரியவில்லை.

அன்றிலிருந்து, என் கம்ப்யூட்டருக்கு எது ஒத்துவரும் என்று பார்த்து நான் ஃபார்மேட் செய்வதில்லை. இந்த டிரைவ் எங்கெல்லாம் போகப்போகிறது, அவற்றில் மிகப் பழைய கருவி எது என்று கேட்டுவிட்டுத்தான் செய்கிறேன்.

ஃபைல் சிஸ்டம் என்பது டிரைவுக்குள் இருக்கும் ஒரு பதிவேடு. எந்த ஃபைல் எங்கே தொடங்குகிறது, எந்தெந்த இடங்களில் பரவியிருக்கிறது, எவ்வளவு இடம் மிச்சம் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். அந்தப் பதிவேட்டைப் படிக்கத் தெரியாத கருவிக்கு, உள்ளே நூறு படம் இருந்தாலும் டிரைவ் வெற்றுத் தகடுதான்.

ஃபேட்32: எங்கும் போகும், 4 ஜிபியில் நின்றுவிடும்

1996ல் விண்டோஸ் 95ன் திருத்திய பதிப்போடு வந்தது. ஒவ்வொரு ஃபைலின் அளவையும் குறித்து வைக்க இதன் பதிவேட்டில் 32 பிட் இடம்தான் உண்டு. அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295. அத்தனை பைட்டுக்கு மேல், அதாவது 4 ஜிபியைத் தொடும் எந்த ஃபைலையும் இது ஏற்காது. காலியிடம் எவ்வளவு இருந்தாலும் பயனில்லை. நிமிடத்துக்கு 350 எம்பி பிடிக்கும் 4கே வீடியோ என்றால் பன்னிரண்டு நிமிடத்தில் அந்த எல்லை வந்துவிடும். சில கேமராக்கள் ஒரே நிகழ்ச்சியைத் துண்டு துண்டான ஃபைல்களாகப் பதிவதற்கும் இதுதான் காரணம்.

இன்னொரு எல்லையும் உண்டு. விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் பெட்டி, 32 ஜிபிக்கு மேலான டிரைவுகளுக்கு ஃபேட்32ஐக் காட்டாது. இது ஃபேட்32ன் இயல்பான எல்லை இல்லை. அது 2 டிபி வரை தாங்கும். அந்தப் பெட்டியை எழுதிய மைக்ரோசாஃப்டின் முன்னாள் பொறியாளர் டேவ் பிளம்மர், 32 ஜிபி என்பது அன்றைக்குத் தான் எடுத்த முடிவு, பெட்டியே ஒரு தற்காலிக ஏற்பாடாகத்தான் வரையப்பட்டது என்று பல வருடம் கழித்துச் சொன்னார். 64 ஜிபி டிரைவை ஃபேட்32ஆக்க வேண்டுமானால் ரஃபஸ் போன்ற இலவச மென்பொருள் போதும்.

இவ்வளவு பழசான பிறகும் இதை ஒதுக்கிவிட முடியாது. கார் ஸ்டீரியோ, பழைய டிவி, பிரிண்டரின் யுஎஸ்பி துளை, எம்ப்ராய்டரி மெஷின் என்று பல கருவிகளுக்கு இது ஒன்றுதான் நிச்சயமாகத் தெரியும். கம்ப்யூட்டரை பென் டிரைவிலிருந்து பூட் செய்வதற்கும், அதாவது இயக்கித் தொடங்குவதற்கும், இதுதான் பாதுகாப்பான தேர்வு. இன்றைய கம்ப்யூட்டர்களில் விண்டோஸோ லினக்ஸோ தொடங்கும் முன்பே ஓடும் யுஇஎஃப்ஐ என்ற அடிப்படை மென்பொருள் எல்லாவற்றுக்கும் படிக்கத் தெரியும் என்று நம்பக்கூடியது ஃபேட் குடும்பம்தான். விண்டோஸ் இன்ஸ்டால் ஃபைல்களில் ஒன்று 4 ஜிபியைத் தாண்டிவிடுவதால் அங்கே சிக்கல் வரும். அதை உடைத்துப் போடுவது, அல்லது வேறு வழியில் பூட் செய்யவைப்பது போன்ற வேலைகளை ரஃபஸ் மாதிரியான கருவிகள் நமக்காகப் பார்த்துக்கொள்கின்றன.

எக்ஸ்ஃபேட்: பெரும்பாலோருக்கு இதுவே போதும்

ஒரே பென் டிரைவை விண்டோஸிலும் மேக்கிலும் லினக்ஸிலும் மாற்றி மாற்றிச் செருகுபவர் என்னிடம் கேட்டால், யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். ஃபைல் அளவுக்கு நாம் தொடக்கூடிய எல்லை எதுவும் இதில் இல்லை. மைக்ரோசாஃப்ட் 2006ல் கொண்டுவந்தது. விண்டோஸ் விஸ்டாவில் முதல் சர்வீஸ் பேக்கோடு, 2008ல் சேர்ந்தது. மேக்கில் 2010ல் வந்த 10.6.5 பதிப்பிலிருந்து படிக்கவும் எழுதவும் முடிகிறது. 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள எஸ்டிஎக்ஸ்சி மெமரி கார்டுகளுக்கு இதுதான் நிர்ணயிக்கப்பட்ட முறை. ஐபோன், ஐபேடிலும் ஃபைல்ஸ் செயலி வழியாகத் திறக்கும்.

லினக்ஸ்காரர்களைத்தான் நீண்ட காலம் காக்கவைத்தது. இதன் மேல் மைக்ரோசாஃப்டுக்குக் காப்புரிமை இருந்ததால், தனியாக ஒரு மென்பொருளை நிறுவித்தான் பயன்படுத்த வேண்டியிருந்தது. 2019ல் மைக்ரோசாஃப்ட் இதன் விவரக் குறிப்பை வெளியிட்டு வழிவிட்டது. அதே ஆண்டு, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 5.4 பதிப்பில் முதல் முறையாக இடம் பிடித்தது. 2020ல் 5.7 கெர்னலுக்கு இதைக் கையாள சாம்சங் எழுதிய நல்ல டிரைவர் மென்பொருள் வந்தது. இன்றைய உபுண்டுவிலோ ஃபெடோராவிலோ செருகினால் தானாகத் திறக்கும். பல வருடமாக அப்டேட் செய்யாத லினக்ஸ் கம்ப்யூட்டர் என்றால் மட்டும் முன்பே சோதித்துக்கொள்ளுங்கள்.

இதன் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். எழுதுவதற்கு முன் "இதைச் செய்யப்போகிறேன்" என்று குறித்துவைக்கும் ஜர்னலிங் இதில் இல்லை. அது ஃபேட்32லும் இல்லைதான். ஆனால் ஃபேட்32 தன் ஒதுக்கீட்டு அட்டவணையை (எந்த இடம் எந்த ஃபைலுக்கு என்ற பட்டியலை) வழக்கமாக இரண்டு பிரதியாக வைத்திருக்கும், எக்ஸ்ஃபேட்டில் ஒன்றுதான். காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போது டிரைவை உருவினால் அந்த ஒரே அட்டவணை பாதியில் நின்றுவிடலாம், பழைய ஃபைல்களும் சேர்ந்து போகலாம். ஆகவே எக்ஸ்ஃபேட் வைத்திருப்பவர்கள் ‘எஜெக்ட்’ கொடுத்துவிட்டு எடுக்கும் பழக்கத்தைக் கட்டாயம் கைக்கொள்ள வேண்டும். காப்பி முடிந்ததாகத் திரை காட்டினாலும் உள்ளே எழுத்து வேலை மிச்சம் இருக்கலாம், முக்கியமாக லினக்ஸில். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவசரத்தில் உருவி எடுத்த டிரைவில் ஒரு நண்பரின் ஆய்வேடு போய், அதை மீட்க இரண்டு இரவு உட்கார்ந்திருக்கிறேன். முழுதாகத் திரும்பக் கிடைக்கவில்லை.

இன்னொன்று, சின்னச் சின்ன ஃபைல்கள். 32 ஜிபிக்கு மேலான டிரைவை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்தால் விண்டோஸ் தானாக எடுத்துக்கொள்ளும் கிளஸ்டர் அளவு, அதாவது ஒரு ஃபைலுக்கு ஒதுக்கும் மிகச் சிறிய இடம், 128 கேபி. 2 கேபி ஃபைலும் 128 கேபி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்படி பத்தாயிரம் ஃபைல் இருந்தால், 20 எம்பி சரக்குக்கு 1.2 ஜிபிக்கு மேல் இடம் செலவு. புகைப்படம், சினிமா, பாட்டு வைப்பவருக்கு இது உறைக்காது. புரோகிராம் எழுதுபவர்கள், எழுத்துரு சேகரிப்பவர்கள் ஜிப் செய்து வைத்துக்கொள்ளலாம், அல்லது ஃபார்மேட் செய்யும்போதே கிளஸ்டர் அளவைக் குறைத்துக்கொள்ளலாம்.

என்டிஎஃப்எஸ்: வீட்டோடு இருக்கும் ஹார்டு டிஸ்குக்கு

1993ல் விண்டோஸ் என்டியோடு வந்தது. ஜர்னலிங் உண்டு, மின்சாரம் போனாலும் பதிவேடு குலைவது குறைவு. விண்டோஸில் மட்டுமே புழங்கும் வெளி ஹார்டு டிஸ்குக்கு இதைவிட நல்லது இல்லை. ஆனால் ஊர் சுற்றும் பென் டிரைவுக்கு வேண்டாம் என்பேன். மேக்கில் படிக்க முடியும், எழுத முடியாது. எழுத வேண்டுமானால் தனி மென்பொருள் போட வேண்டும். லினக்ஸ் 2021ன் 5.15 கெர்னலிலிருந்து இதை நன்றாகவே கையாளுகிறது. கார் ஸ்டீரியோக்களில் நம்ப முடியாது, பல ஆண்ட்ராய்டு போன்களிலும் திறக்காது.

அப்புறம் அனுமதிச் சிக்கல். இந்த முறையில் ஒவ்வொரு ஃபைலோடும் "யார் திறக்கலாம்" என்ற குறிப்பும் பயணம் செய்யும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் அப்படிப் பூட்டிய ஒரு ஃபோல்டர், வீட்டுக் கம்ப்யூட்டரில் அனுமதி இல்லை என்று நிற்கும். அட்மின் உரிமை இருந்தால் சரிசெய்துவிடலாம். பிரவுசிங் சென்டரில் நின்றுகொண்டு அதைச் செய்ய முடியாது.

ஏபிஎஃப்எஸ், எக்ஸ்ட்4

மேக்குக்கு மட்டும் என்றால் ஏபிஎஃப்எஸ், லினக்ஸுக்கு மட்டும் என்றால் எக்ஸ்ட்4. இரண்டும் அருமையானவை, அந்தந்த வீட்டுக்குள். இவற்றை விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகினால் "இந்த டிஸ்கைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யலாமா?" என்ற கேள்வி வரலாம். ஜெராக்ஸ் கடையில் கூட்ட நேரத்தில் யாராவது பழக்கதோஷத்தில் ஆமாம் என்று அழுத்திவிட்டால் போச்சு. அந்த ஒரு காரணத்துக்காகவே வெளியே கொடுக்கும் டிரைவில் இவை வேண்டாம்.

தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று எக்ஸ்ட்4ல் இருக்கிறது. ஃபேட்32, எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் மூன்றிலும் பெயரின் நீளம் 255 குறி வரை போகலாம். ‘அம்மா’ என்பதில் அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என ஐந்து குறி. எக்ஸ்ட்4 குறியை எண்ணாமல் பைட்டை எண்ணுகிறது, எல்லை 255 பைட். தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் என்பதால் ‘அம்மா’வுக்கே 15 போய்விடும். மொத்தம் 85 குறிதான். கட்டுரைத் தலைப்பை முழுதாக ஃபைல் பெயராக வைத்து விண்டோஸிலிருந்து லினக்ஸுக்குக் காப்பி போடும்போது பெயர் நீளம் என்று பிழை வந்தால், காரணம் இதுதான்.

மேக்கில் ஃபார்மேட் செய்பவர்களுக்கு

டிஸ்க் யுடிலிட்டியில் எக்ஸ்ஃபேட்டைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது. மேலே ‘ஷோ ஆல் டிவைசஸ்’ கொடுத்து முழு டிரைவையும் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் ‘ஸ்கீம்’ என்ற இன்னொரு தேர்வு தெரியும், டிரைவை எப்படிப் பகுதி பிரித்துக் குறிப்பது என்பதற்கானது அது. பழைய டிவிக்கும் பழைய விண்டோஸுக்கும் போகும் டிரைவானால் அதில் ‘மாஸ்டர் பூட் ரெக்கார்டு’ எடுங்கள். ‘ஜியுஐடி’ என்று இருந்தால், ஃபைல் சிஸ்டம் தெரிந்த டிவிகூட டிரைவைக் காணாமல் விடலாம்.

மேக்கிலிருந்து ஃபேட்32லோ எக்ஸ்ஃபேட்டிலோ பாட்டுகளை ஏற்றும்போது, ஃபைலோடு சேர்ந்து புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் பெயரில் இன்னொரு குட்டி ஃபைலும் உருவாகலாம். மேக்கின் கூடுதல் தகவலுக்கான ஃபைல் அது. மேக்கில் கண்ணுக்குத் தெரியாது. சில கார் ஸ்டீரியோக்கள் அதையும் பாட்டு என்று நினைத்து இயக்கப் பார்த்துத் தடுமாறும். விண்டோஸில் ஒருமுறை திறந்து அவற்றை அழித்துவிட்டால் தீர்ந்தது.

எந்த முறைக்கு மாற்றினாலும் ஃபார்மேட் என்றால் உள்ளே இருப்பதெல்லாம் போகும். முதலில் எல்லாவற்றையும் வேறிடத்தில் காப்பி எடுத்து, அங்கே ஒன்றிரண்டு ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

காதுகுத்து வீடியோவுக்கு வருகிறேன். தங்கைக்கு எக்ஸ்ஃபேட்டில் ஒரே ஃபைலாகக் கொடுத்தேன், அவள் லேப்டாப்பிலும் மாப்பிள்ளையின் மேக்கிலும் ஓடுகிறது. அம்மாவுக்கு ஒரு 16 ஜிபி டிரைவை ஃபேட்32ல் ஃபார்மேட் செய்து, வீடியோவை 3 ஜிபிக்கும் குறைவான இரண்டு துண்டாக்கிப் போட்டேன். முதல் துண்டு சீர்த்தட்டு வரிசையோடு முடியும், இரண்டாவது குழந்தை என் மடியில் உட்காருவதிலிருந்து தொடங்கும். அம்மா பெரும்பாலும் இரண்டாவதைத்தான் போடச் சொல்கிறாள்.