தங்கச்சி பிரசவமும் 7.18 என்ற எண்ணும்

இந்த முறை ஊருக்குப் போனதே தங்கச்சி பிரசவத்துக்குத்தான். குறையும் சொல்லப் போவதால் ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அட்மிஷன், ரூம், பில் எல்லாம் வழக்கமான இழுபறி, அதை விட்டுவிடலாம். எழுத நினைத்தது தொப்புள்கொடி ரத்தத்தில் செய்த பிளட் கேஸ் பரிசோதனையைப் பற்றி, அதாவது ரத்தத்தில் உள்ள வாயுக்களையும் அமில அளவையும் பார்ப்பது.

லேபர் ரூமில் கூட ஒருவர் இருக்கலாம் என்றார்கள், நான் போனேன். குழந்தை பிறந்து கொடியை வெட்டியதும், இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்ட ஒரு துண்டை நர்ஸ் தட்டில் வைத்தார். அகலமாக ஒரு சிரை, அதைச் சுற்றி ஒல்லியாக இரண்டு தமனிகள். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் என்ற மருந்து தடவிய சிரிஞ்சில் முதலில் தமனியிலிருந்து எடுத்தார், அப்புறம் வேறு சிரிஞ்சில் சிரையிலிருந்து. இரண்டுக்கும் தனித்தனி லேபிள். தமனியில் இருப்பது குழந்தையிடமிருந்து நஞ்சுக்கொடிக்குத் திரும்பிப் போகும் ரத்தம், குழந்தையின் நிலையைக் காட்டுவது அதுதான். இரண்டு முடிவும் ஏறக்குறைய ஒன்றாக வந்தால், ஒரே குழாயில் குத்திவிட்டார்களோ என்று சந்தேகப்பட வேண்டும். இந்த வேலையை அவர் செய்த நேர்த்திக்கு முழு மார்க்.

முடிவு சீக்கிரமே வந்தது: தமனி பிஎச் 7.18, சிரை 7.29. பிஎச் என்பது அமில அளவு, எண் குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று அர்த்தம். தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். பெரியவர்களுக்கு 7.35க்குக் கீழே போனாலே அமிலம் கூடிவிட்டது என்பார்கள். தங்கச்சியின் கணவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாங்களாகப் போய்க் கேட்டபிறகுதான் டியூட்டி டாக்டர் வந்தார். ஆனால் வந்தவர் பொறுமையாகச் சொன்னார்.

வயிற்றுக்குள் குழந்தையின் நுரையீரலில் இருப்பது நீர். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடினால் அமிலமும் கூடும், அதை அகற்றுவது நஞ்சுக்கொடிதான். புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் காரணமாகக் கர்ப்பிணி வழக்கத்தைவிட அதிகமாக மூச்சு விடுகிறாள். அதனால் அவள் ரத்தத்தில் அந்த வாயுவின் அழுத்தம் 40இலிருந்து 30 சொச்சத்துக்கு இறங்கிவிடும். குழந்தையின் ரத்தத்தில் அதைவிட அதிகம் என்பதால் வாயு தானாகவே அம்மா பக்கம் போய்விடும். வலி வரும்போது கருப்பை இறுகி ரத்த ஓட்டம் குறையும், வாயு தேங்கும். தளர்ந்ததும் கழிந்துவிடும். ஆக்சிஜன் பற்றாக்குறை நீடித்தால் கதை வேறு: லாக்டிக் அமிலம் சேரும், நஞ்சுக்கொடி வழியாக அது வெளியேற வெகு நேரமாகும்.

எங்கள் குழந்தைக்கு எது? அதைச் சொல்வது பேஸ் டெஃபிசிட் என்ற இன்னொரு எண். லாக்டிக் அமிலம் போன்றவை சேர்ந்து ரத்தத்தில் காரம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அது காட்டும். தாளின் ஓரத்தில் 5 என்று இருந்தது. “இது வாயு தேங்கினதுதான். நல்லா அழுதாச்சு இல்ல, மூச்சுலேயே போயிடும்” என்றார். பிஎச் 7.0க்குக் கீழேயும் பேஸ் டெஃபிசிட் 12க்கு மேலேயும் சேர்ந்து வந்தால்தான் மூளை பாதிப்பு இருக்குமோ என்று தீவிரமாகப் பார்ப்பார்களாம்.

அமிலம் இருந்தால் அதைச் சமன் செய்யும் சோடியம் பைகார்பனேட் ஏற்றிவிடலாமே என்று கேட்டேன். அது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடாக மாறும், மூச்சே சரியில்லாத குழந்தைக்கு அந்த வாயு உள்ளேயே தேங்கும், அதனால் எடுத்த எடுப்பில் போடுவதில்லை என்றார். முதலில் சுவாசத்தையும் ரத்த ஓட்டத்தையும் சரி செய்வார்கள். பிறந்த குழந்தையின் சிறுநீரகம் பைகார்பனேட்டைப் பிடித்துவைப்பதில் இன்னும் தேறவில்லை, அமிலத்தை வெளியேற்றுவதிலும் மெதுவு. குறைமாதக் குழந்தைக்கு இது இன்னும் மோசம். அதனால் பெரியவர்களின் 24 என்ற பைகார்பனேட் அளவை இவர்களிடம் எதிர்பார்க்கக் கூடாது.

இவ்வளவு விளக்கிய இடத்தில், டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘கொடி ரத்த பிஎச் 7.18’ என்று மட்டும் இருந்தது. வேறு டாக்டர் யாராவது பார்த்தால் எங்களைப் போலவே திடுக்கிடுவார். சொன்னபிறகு மெஷின் கொடுத்த முழுத் தாளையும் நகல் எடுத்து ஃபைலோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடித்தார்கள். இரண்டு குழாயின் அளவுகளும் பேஸ் டெஃபிசிட்டும் உள்ள தாள் அது, பிரசவத்துக்குக் கூடப் போகிறவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.