மீன் வாடிக்கு வாங்கிய கணக்கு மென்பொருள்
திருகோணமலையில் படகுக்காரரிடம் மீன் வாங்கும் எங்கள் மீன் வாடிக்கு உள்ளூர் நிறுவனமொன்று செய்து தந்த மென்பொருளை ஓராண்டாகப் பயன்படுத்துகிறோம். நிறுவை, ஐஸ் எடைக் கழிவு, படகுக்காரருக்குக் கொடுக்கும் முற்பணம் ஆகியவற்றைத் தனித்தனிக் கூறுகளாக அமைத்திருப்பதால், நிலாவெளியில் இரண்டாவது வாடியைத் திறந்தபோது விலைப்பட்டியலை மட்டும் மாற்றி அன்றே இயக்க முடிந்தது; மென்பொருளையும் உதிரிப்பாகங்களைப்போலப் பெருமளவில் உற்பத்தி செய்யலாமென 1968இல் அமெரிக்கக் கணினி அறிஞர் டக்ளஸ் மக்கில்ராய் முன்வைத்த யோசனை இதுதான்.

முற்பணக் கூறுதான் குறை. பலசரக்குக் கடைக்கு எழுதியதை அப்படியே பொருத்தியிருக்கிறார்கள். பிடிபடும் மீனில் சிறிது சிறிதாகக் கழியவேண்டிய பணத்தை அது முப்பது நாள் கடனாகக் கருதி, வாடைக்காற்றில் படகு இறங்காத மார்கழியிலும் ‘தவணை கடந்தது’ என்று பற்றுச்சீட்டில் அச்சிட்டது. அதைப் படித்த படகுக்காரர் ஒரு கிழமை எங்கள் பக்கம் வரவேயில்லை.