மயக்கமா, வலிப்பா, இதயக் கோளாறா? திடீரென்று நினைவு தப்பி விழுவதில் மூன்றையும் பிரித்தறிவது எப்படி

கண்ணெதிரே ஒருவர் சரிந்து விழுகிறார். கூடி நிற்பவர்களில் ஒருவர் “சும்மா மயக்கம்தான், தண்ணி தெளிங்க” என்பார். கை கால் இழுப்பதைப் பார்த்த இன்னொருவர் “வலிப்பு” என்பார். மூன்றாமவருக்கு “ஹார்ட்டா இருக்குமோ” என்ற பயம். மூன்று பேர் சொல்வதற்கும் இடமிருக்கிறது. திடீர் நினைவிழப்பில் பெரும்பாலானவை இந்த மூன்று வகைக்குள் அடங்கிவிடும். ஆனால் மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு, அடுத்து பார்க்க வேண்டிய மருத்துவரும் வேறு.

எது என்று அலசுவதற்கு முன்பே ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: மூச்சு விடுகிறாரா? உரக்கக் கூப்பிட்டு, தோளைத் தட்டிப் பாருங்கள். பதில் இல்லையென்றால், 10 நொடிக்குள் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். மூச்சே இல்லை, அல்லது கரையில் போட்ட மீன் போல அவ்வப்போது வாயைத் திறந்து ஒரு திணறல் மட்டும் வருகிறது என்றால் அது மூச்சு அல்ல, இதயம் நின்றுவிட்டது. இதயம் நின்ற முதல் நொடிகளில் உடல் சற்று வெட்டி இழுக்கவும் கூடும். அதை வலிப்பு என்று நினைத்து, அடங்கட்டும் என்று காத்திருப்பதில் உயிரே போய்விடும். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்தத் தொடங்க வேண்டும். பக்கத்தில் நின்ற இதயத்தை மீட்கும் மின் அதிர்வுக் கருவி (ஏஇடி) இருந்தால் ஒருவர் ஓடிப்போய் எடுத்து வரட்டும். நெஞ்சை அழுத்தாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது.

மூச்சு சீராக இருக்கிறது என்றால், சரி, இப்போது யோசிக்க நேரம் இருக்கிறது.

இழுப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள்

எல்லோரும் முதலில் பார்ப்பது கை கால் துடிப்பைத்தான். மூன்றையும் பிரிப்பதில் அதிகம் ஏமாற்றுவதும் அதுதான் என்பது என் கருத்து. 1994-இல் தாமஸ் லெம்பெர்ட் என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 59 ஆரோக்கியமான தன்னார்வலர்களை வேண்டுமென்றே மயக்கமடையச் செய்து வீடியோ எடுத்தார்கள். 42 பேர் முழுமையாக நினைவிழந்தார்கள். அவர்களில் 38 பேருக்கு, அதாவது 90 சதவீதம் பேருக்கு, உடல் வெட்டி இழுத்தது. கண்கள் திறந்தே இருந்தன, விழிகள் மேலே சொருகின. யாருக்கும் வலிப்பு நோய் கிடையாது. மூளைக்குச் சில நொடி ரத்தம் குறைந்ததே காரணம்.

அப்படியென்றால் துடிப்பில் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது, எண்ணிக்கையில். சாதாரண மயக்கத்தில் வெட்டுகள் சில மட்டுமே, ஒழுங்கில்லாமல் வந்து சட்டென்று நின்றுவிடும். பெரும்பாலும் 10-க்குள் அடங்கும். வலிப்பில் முதலில் உடல் விறைத்து, பிறகு சீரான தாளத்தில் துடிக்கும். எண்ணினால் 20-ஐத் தாண்டும். மயக்கம் அரை நிமிடத்துக்குள் தெளிந்துவிடும், வலிப்பு ஒன்று முதல் மூன்று நிமிடம் வரை நீளும். பதற்றத்தில் பார்ப்பவருக்கு 15 நொடி 5 நிமிடமாகத் தெரியும் என்பதால் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

சிறுநீர் பிரிவதும் நம்பத்தகுந்த அடையாளம் இல்லை, இரண்டிலும் நடக்கும். நாக்கின் ஓரம் ஆழமாகக் கடிபட்டிருந்தால் அது வலிப்பின் பக்கம் சாயும். முகம் வெளுத்துப் போனால் மயக்கம், நீலம் பாய்ந்தால் வலிப்பு என்பதும் ஓரளவு உதவும்.

விழுவதற்கு முன்பும் எழுந்த பின்பும்

உண்மையான தடயங்கள் இந்த இரண்டு இடத்தில்தான் இருக்கின்றன.

சாதாரண மயக்கம் வரப்போகும் ஒருவரைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். வெகுநேரம் நின்றிருப்பார், அல்லது புழுக்கமான இடம், அல்லது ரத்தத்தையோ ஊசியையோ பார்த்திருப்பார். முதலில் கொட்டாவி வரும். மேல் உதட்டில் வியர்வை முத்து முத்தாகத் துளிர்க்கும். வயிற்றைப் பிரட்டும், பக்கத்தில் இருப்பவர் பேசுவது எங்கோ தூரத்தில் கேட்பது போல இருக்கும், பார்வை ஓரங்களிலிருந்து இருண்டுகொண்டே வரும். அப்புறம்தான் விழுவார். உள்ளே நடப்பது இதுதான்: ரத்தக்குழாய்கள் விரிந்து, அதே சமயம் இதயத் துடிப்பும் தளர்கிறது. எழுந்து நின்றாலே அரை லிட்டருக்கு மேல் ரத்தம் உடலின் கீழ்ப்பாதிக்கு இறங்குகிறது. அதை மேலே தள்ளும் வேலை அந்த நேரத்தில் தடைபடுகிறது. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடலின் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. சேமிப்பு என்று அதனிடம் எதுவும் கிடையாது. ரத்த ஓட்டம் நின்றால் 6 முதல் 8 நொடியில் நினைவு போய்விடும்.

படுத்திருந்தவர் எழுந்த ஒன்றிரண்டு நிமிடத்தில் விழுந்தால் நிலைமை சற்று வேறு. எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் பிரஷர் 20 அல்லது கீழ் பிரஷர் 10 இறங்குவதைத்தான் மருத்துவர்கள் தேடுவார்கள். வயதானவர்களிடமும் பிரஷர் மாத்திரை எடுப்பவர்களிடமும் இது அதிகம். மாத்திரையின் அளவை மருத்துவர் மாற்றினாலே பலருக்குச் சரியாகிவிடுகிறது.

வலிப்புக்கு முன்னறிகுறி சிலருக்கு உண்டு, பலருக்கு இல்லை. அதைக் காட்டிக்கொடுப்பது பின்பகுதிதான். மயங்கியவர் கண் விழித்ததும் “என்ன ஆச்சு?” என்று தெளிவாகக் கேட்பார், எதிரே இருப்பவர் யார் என்று தெரியும். வலிப்பு வந்தவர் கண் திறந்தாலும் அரை மணி நேரம்கூடக் குழம்பிக் கிடப்பார், பேச்சு குழறும், தூக்கம் அழுத்தும், மறுநாள் வரை உடம்பு அடித்துப் போட்டது போல வலிக்கும்.

ஆனால் மயக்கத்தையும் இதயத்தையும் பிரிக்க இந்தத் தடயம் உதவாது. ஆபத்து இங்கேதான் ஒளிந்திருக்கிறது. இதயத் துடிப்பு தாறுமாறாகி விழுந்தவரும் துடிப்பு சீரானதும் சட்டென்று எழுந்து, “எனக்கு ஒண்ணும் இல்லை” என்று நடந்து போய்விடுவார். மூன்றிலும் நன்றாகத் தெளிந்தவர் போலத் தெரிபவர் இவராகவே இருக்கலாம். எனவே அவர் விழுவதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்க வேண்டும். ஓடும்போதோ, படியேறும்போதோ, விளையாட்டின் நடுவிலோ விழுந்தாரா? படுத்திருக்கும்போது நினைவு தப்பியதா? எந்த எச்சரிக்கையும் இல்லாமல் முகம் அடிபட விழுந்தாரா? முன்னதாக நெஞ்சு படபடத்ததா, வலித்ததா? குடும்பத்தில் யாராவது 40 வயதுக்குள் திடீரென்று இறந்திருக்கிறார்களா? ஒன்றுக்கு “ஆமாம்” என்றாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நீண்ட கியூடி எனும் பரம்பரை இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களில் சிலர் நீந்தும்போதோ, அலாரச் சத்தத்தில் திடுக்கிட்டோ விழுவார்கள். இளம் வயதில் பார்க்க நல்ல ஆரோக்கியமாக இருப்பார்கள் என்பதால்தான் இது தவறவிடப்படுகிறது.

உடனடி உதவி: மயக்கத்துக்கு ஒன்று, வலிப்புக்கு இன்னொன்று

மயக்கத்துக்குத் தரையே மருந்து. மல்லாக்கப் படுக்க வைத்து, கால்களைச் சற்று உயர்த்தினால் போதும். அக்கறையில் பலர் செய்வது இதற்கு நேர் எதிரானது: கைத்தாங்கலாகத் தூக்கி நிற்க வைப்பார்கள், நாற்காலியில் சாய்த்துப் பிடித்துக்கொள்வார்கள். தலை மேலே இருக்கும்வரை ரத்தம் ஏறாது, நினைவு திரும்பத் தாமதமாகும், இழுப்புகூட வரும். தண்ணீர் தெளிப்பதால் பெரிய பயன் இல்லை. வாயில் ஊற்றினால் ஆபத்து, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். தெளிந்ததும் உடனே எழுப்பாமல் சில நிமிடம் படுக்கவிட்டு, பிறகு உட்கார வைத்து, அதன் பிறகு நிற்க வைக்கலாம்.

வலிப்பில் காலைத் தூக்குவதில் பயனில்லை. சுற்றியுள்ள கூரான பொருட்களை நகர்த்தி, தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வைத்து, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அழுத்திப் பிடிக்க வேண்டாம். கையில் எதையும் திணிக்க வேண்டாம். வாயில் வைக்கவே கூடாது, பல் உடையும், அல்லது உங்கள் விரல் போகும். நாக்கை விழுங்கிவிடுவார் என்பது வெறும் பயம். துடிப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, தெளியாமல் அடுத்தது வந்தாலோ, வாழ்க்கையில் முதல் தடவை என்றாலோ, கர்ப்பிணி என்றாலோ ஆம்புலன்ஸ் வேண்டும்.

வரும்போதே தடுக்க முடியுமா?

சாதாரண மயக்கத்தில் முடியும். கண் இருட்டத் தொடங்கும்போது உட்காருவதைவிடப் படுப்பது நல்லது. படுக்க முடியாத இடத்தில் காலைக் குறுக்கே போட்டு, தொடை, பிட்டம், வயிறு மூன்றையும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். அல்லது இரண்டு கைகளையும் கோத்து எதிரெதிரே இழுக்கலாம். 2006-இல் வெளியான ஓர் ஆய்வில் இந்தப் பயிற்சி பெற்றவர்களில் சுமார் 32 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் சுமார் 51 சதவீதம் பேருக்கும் மயக்கம் திரும்ப வந்தது. காசு செலவில்லாத ஒரு வித்தைக்கு இது பெரிய பலன். அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வில் இதயத் துடிப்பைத் தணிக்கும் மெட்டோப்ரோலால் மாத்திரை, மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிட மேலாக எதுவும் செய்யவில்லை. அடிக்கடி மயங்குபவருக்கு முதலில் காலை இறுக்கக் கற்றுத்தர வேண்டும், போதிய தண்ணீர் குடிக்கச் சொல்ல வேண்டும். மாத்திரை அதற்கு அப்புறம்.

இந்த வித்தை மற்ற இரண்டுக்கும் பொருந்தாது. இதயக் கோளாறுக்குப் பேஸ்மேக்கரோ வேறு சிகிச்சையோ தேவைப்படலாம். வலிப்புக்கு மாத்திரை தவறாமல் எடுப்பதும் தூக்கம் கெடாமல் இருப்பதும்தான் வழி.

எந்தப் பரிசோதனை?

யார் விழுந்தாலும் முதலில் எடுக்க வேண்டியது ஈசிஜி. சில நிமிட வேலை, வலி கிடையாது, ஆபத்தானவற்றில் பலவற்றைக் காட்டிக்கொடுக்கும். கூடவே படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பிரஷர் பார்க்க வேண்டும். தலையில் அடிபடாத, தெளிவான சாதாரண மயக்கத்துக்குத் தலை ஸ்கேனும் மூளை அலைப் பதிவும் பெரும்பாலும் எதையும் சொல்வதில்லை. மூளை அலைப் பதிவில் ஏதோ சின்ன மாறுதல் தெரிந்ததை வைத்து வலிப்பு என்று முத்திரை குத்தப்பட்டு, ஆண்டுக்கணக்கில் தேவையில்லாத மாத்திரை சாப்பிட்டவர்கள் உண்டு.

மாதம் ஒரு முறையோ ஆண்டுக்கு ஒரு முறையோ விழுபவருக்கு இதயத் துடிப்பை 24 மணி நேரம் தொடர்ந்து பதியும் ஹோல்டர் கருவியை மாட்டுவதில் பயன் குறைவு. அந்த ஒரு நாளில் ஒன்றும் நடக்காது, “நார்மல்” என்று எழுதி வரும், அதை நம்பி வீட்டுக்குப் போய்விடுவார்கள். அத்தகையவருக்கு மார்புத் தோலுக்கு அடியில் வைக்கும் சிறு பதிவுக் கருவியே மேலானது, மூன்று ஆண்டு வரைகூட அது துடிப்பைக் கவனித்துப் பதிவு செய்யும்.

சர்க்கரை நோய் மருந்து எடுப்பவர் விழுந்தால் சுகரையும் பார்க்க வேண்டும். 70-க்குக் கீழே இறங்கினால் முதலில் நடுக்கம், வியர்வை, குழப்பம் என்று படிப்படியாகத்தான் வரும். நினைவு இருந்தால் இனிப்பு கொடுக்கலாம், இல்லாதபோது வாயில் எதையும் போடக்கூடாது. கண்ணை இறுக மூடியபடி வெகுநேரம் கிடப்பவருக்கு மன அழுத்தம் காரணமாக இருக்கலாம். அது நடிப்பு அல்ல, அவருக்கும் சிகிச்சை தேவை.

விழுந்தவருக்கு நடந்தது எதுவும் நினைவிருக்காது. எனவே மருத்துவரிடம் அவரைத் தனியாக அனுப்பாமல், பார்த்தவர் கூடவே போங்கள். முதல் உதவி கொடுத்தாகிவிட்டது, இன்னொருவர் கையில் போன் இருக்கிறது என்றால் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், மருத்துவரிடம் மட்டும் காட்டுவதற்கு. எத்தனை நொடி, முகம் என்ன நிறம், கண் திறந்திருந்ததா, எழுந்ததும் முதலில் என்ன பேசினார் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காரணம் தெரியும்வரை அவர் வண்டி ஓட்ட வேண்டாம், தனியாக நீந்த வேண்டாம், உயரத்தில் ஏறி வேலை செய்ய வேண்டாம்.